ஆப்பிரிக்கன் பியானோ (இசைத்தொகுப்பு)

ஆப்பிரிக்கன் பியானோ, தென்னாப்பிரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராகிம் மேடையில் தனியொருவராக வாசித்த நேரடி இசைத்தொகுப்பு. 1969 அக்டோபர் 22 அன்று டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரிலுள்ள ஜாஸ்ஹூஸ் மோன்மார்த்ர் என்னும் இசைவிடுதியில் பதிவு செய்யப்பட்டது. அவருடைய அப்போதைய மேடைப்பெயரான டாலர் பிராண்ட் என்ற பெயரில் 1973ல் இசைத்தட்டாக வெளிவந்தது. ஜாஸ், தேவாலயப் பாடல், தென்னாப்பிரிக்க நகர்ப்புற நடன இசை ஆகிய மூன்றும் ஒரே பியானோவில் இணைந்த முக்கியமான பதிவுகளில் ஒன்று. ஓர் ஐரோப்பியக் கருவி எப்படி இன்னொரு நிலத்தின் குரலாக ஆகிறது என்பதைக் கேட்டறிய உகந்த தொகுப்பும் இதுவே.

கலைஞர்

அப்துல்லா இப்ராகிம் 1934 அக்டோபர் 9 அன்று கேப்டவுனில் பிறந்தார். இயற்பெயர் அடால்ஃப் யோஹானஸ் பிராண்ட். பாட்டி ஆப்பிரிக்க மெதடிஸ்ட் தேவாலயத்தில் பியானோ வாசித்தவர். ஏழு வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். கேப்டவுன் துறைமுகத்துக்கு வரும் அமெரிக்க மாலுமிகளிடம் ஜாஸ் இசைத்தட்டுகளை டாலர் கொடுத்து வாங்கியதால் 'டாலர்' என்ற பட்டப்பெயர் வந்தது என்பார்கள்.

1959ல் உருவான ஜாஸ் எபிஸல்ஸ் குழுவில் ஹ்யூ மசகேலா, கிப்பி மூகெட்சி, யோனாஸ் குவாங்வா ஆகியோருடன் வாசித்தார. அக்குழு 1960ல் பதிவு செய்த இசைத்தட்டு தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் முதல் ஜாஸ் நெடுந்தட்டாகக் கருதப்படுகிறது. அதே ஆண்டு மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவலர்கள் சுட்டதில் 69 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் வந்த அடக்குமுறையில் இசைக்கலைஞர்கள் ஒவ்வொருவராக நாட்டைவிட்டு வெளியேறினர். டாலர் பிராண்ட் 1962ல் பாடகி சதிமா பீ பெஞ்சமினுடன் ஐரோப்பாவுக்குச் சென்றார். 1963ல் சூரிக் நகரில் சதிமாவின் அழைப்பை ஏற்று வந்து அவர் வாசிப்பைக் கேட்ட டியூக் எலிங்டன், பாரிசில் அவருடைய மூவர் குழுவின் இசைத்தட்டைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். 1968ல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா இப்ராகிம் ஆனார். இத்தொகுப்பு அதற்கு அடுத்த ஆண்டு பதிவானது.

பதிவும் வெளியீடும்

ஜாஸ்ஹூஸ் மோன்மார்த்ர் 1960களில் ஐரோப்பாவின் முதன்மையான ஜாஸ் விடுதிகளில் ஒன்று. அமெரிக்காவில் வாய்ப்பும் மரியாதையும் குறைந்ததால் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்த டெக்ஸ்டர் கார்டன், பென் வெப்ஸ்டர் போன்றவர்கள் அங்கே தொடர்ந்து வாசித்தனர். டாலர் பிராண்டுக்கும் அது புதிய இடமன்று. 1965ல் அவருடைய மூவர் குழுவின் நிகழ்ச்சியும் அங்கே பதிவாகியிருக்கிறது.

தொகுப்பை வெளியிட்டது ஜாப்போ. ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் மான்ஃப்ரெட் ஐஷர் 1969ல் தொடங்கிய இ.சி.எம். நிறுவனத்தின் கிளை அது. தனிப்பியானோ இசைத்தட்டு என்றதும் பலருக்கு நினைவு வருவது அதே இ.சி.எம். வெளியிட்ட கீத் ஜாரட்டின் கொலோன் கச்சேரி. அது 1975 ஜனவரியில் பதிவானது. ஆப்பிரிக்கன் பியானோ அதற்கு ஐந்து ஆண்டுகள் முந்தையது. மேடையில் தனியே அமர்ந்து, துணைக்கருவி ஏதுமின்றி நீண்ட நேரம் வாசித்து, அதை அப்படியே தட்டாக்கும் வழக்கம் பரவலாவதற்கு முன்பே வந்த பதிவு என்ற வகையில் இதற்கு வரலாற்று இடம் உண்டு.

அமைப்பு

தொகுப்பில் எட்டு இசைக்கோவைகள் உள்ளன.

1. ப்ரா ஜோ ஃப்ரம் கிளிமஞ்சாரோ
2. செல்பி தட் தி எடர்னல் ஸ்பிரிட் இஸ் தி ஒன்லி ரியாலிட்டி
3. தி மூன்
4. ஸாபா
5. சன்செட் இன் ப்ளூ
6. கிப்பி
7. ஜபுலானி – ஈஸ்டர் ஜாய்
8. டின்டியானா

மொத்தம் ஏறத்தாழ 40 நிமிடங்கள். அதில் முதல் கோவை மட்டும் சுமார் 11 நிமிடங்கள். எஞ்சிய ஏழும் சராசரியாக ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் நீள்பவை. பெரும்பாலும் ஒரே ஓட்டமாக வாசிக்கப்பட்டவை. ஒரு மெட்டு முடிந்து கைதட்டல் பெற்று அடுத்தது தொடங்கும் கச்சேரி முறை இங்கே முக்கியமன்று. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு ராகமாலிகை நினைவுக்கு வரலாம். ராகமாலிகையில் ராகம் மாறும் இடம் கேட்பவருக்குத் தெளிவாகக் காட்டப்படும். இங்கே ஒரு நினைவு இன்னொரு நினைவைக் கிளறுவதுபோல மெட்டுகள் வருகின்றன.

தலைப்புகளே ஒரு வரைபடம். 'ப்ரா' என்பது தென்னாப்பிரிக்க நகர்ப்புறக் குடியிருப்புகளில் மூத்தவரை அழைக்கும் சொல். நம் 'அண்ணே' போன்றது. 'ஜபுலானி' என்றால் ஜூலு மொழியில் 'மகிழ்ந்திருங்கள்' என்று பொருள். 2010 உலகக்கோப்பைக் கால்பந்துக்கு இதே பெயர் இடப்பட்டதால் பலருக்கும் தெரிந்த சொல். 'கிப்பி' ஜாஸ் எபிஸல்ஸ் குழுவில் உடன் வாசித்த சாக்ஸபோன் கலைஞர் கிப்பி மூகெட்சியின் பெயர். குழுவினர் பலர் நாட்டைவிட்டுச் சென்றபோது தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து 1983ல் அங்கேயே மறைந்தவர் அவர். எலிங்டன் முன்னின்று பதிவு செய்த 1963 தட்டிலும் இந்த மெட்டு உண்டு. ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் அயல்மண்ணில் அதை மீண்டும் வாசிக்கிறார். பெயர் சொல்லி அழைப்பது போன்ற வாசிப்பு அது.

இடக்கை

இத்தொகுப்பின் மையம் இடக்கை. ஜாஸ் பியானோவில் பொதுவாக இடக்கை ஆங்காங்கே சுரக்கூட்டுகளைத் தட்டி வலக்கைக்கு ஆதாரம் தரும். தாளமும் அடிநாதமும் டிரம், பாஸ் கலைஞர்களின் பொறுப்பு. இங்கே அவர்கள் இல்லை. அவர்களுடைய வேலை முழுவதையும் இடக்கை எடுத்துக்கொள்கிறது. 'ப்ரா ஜோ'வில் ஒரு சிறிய அடிச்சுரத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. மேற்கத்திய இசையில் இதை ஆஸ்டினாட்டோ என்பார்கள். பிடிவாதமானது என்று பொருள். அதன்மேல் வலக்கை மெட்டைச் சொல்கிறது, உடைக்கிறது, நெருக்கமான கொத்துச் சுரங்களை அறைகிறது, பின் ஒற்றைச் சுரத்துக்குத் திரும்புகிறது. இடக்கை அசைவதில்லை.

முதல்முறை கேட்பவருக்கு இது சலிப்பூட்டலாம். 'ஒன்றையே வாசிக்கிறாரே' என்ற குறை எளிதில் எழும். திரும்ப வருதல் வேறு, மாறாதிருத்தல் வேறு என்பதைக் காது உணர்ந்ததும் அந்தச் சலிப்பு நீங்கிவிடும். காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எல்லாம் ஏறத்தாழ ஒரே வடிவம். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அடிவாரத்து வயல்கள் முன்பைவிடச் சிறியதாகத் தெரியும், காற்று குளிரும். வளைவு மாறவில்லை, உயரம் மாறிவிட்டது. 'ப்ரா ஜோ'வின் இடக்கையும் அப்படித்தான் இயங்குகிறது. முதல் நிமிடத்தில் தாளமாகக் கேட்பது ஐந்தாம் நிமிடத்தில் நடையாகவும் பத்தாம் நிமிடத்தில் மூச்சாகவும் கேட்கிறது.

இவ்வகை இசையை உடலோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும் என்று விரிவாக வாதிட்டவர்களில் ஒருவர் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் 1971ல் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர். 1998ல் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வு மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க இசைகளின் தாள உணர்வைப் பற்றியது. தாளம் மனக்கணக்கில் மட்டும் நிகழ்வதன்று, நடை, மூச்சு, பேச்சு, கைவிரல் அசைவு ஆகிய உடல் அனுபவங்களில் வேர்கொண்டது என்பது அதன் அடிப்படை. ஆப்பிரிக்கன் பியானோ இக்கருத்துக்குச் சிறந்த சான்று. இடக்கை எத்தனை முறை திரும்பியது என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இந்த இசை திறப்பதில்லை. அதோடு தலையசைப்பவருக்குத் திறக்கிறது.

மூன்று ஊற்றுகள்

இத்தொகுப்பில் மூன்று இசைமரபுகள் கலந்திருக்கின்றன.

முதலாவது தேவாலயப் பாடல். இப்ராகிம் பாட்டியிடமும் தேவாலயத்திலும் கேட்டு வளர்ந்த நான்கு குரல் துதிப்பாடல்களின் கனத்த சுரக்கூட்டுகள் மெதுவான பகுதிகளில் வருகின்றன. இஸ்லாத்தைத் தழுவிய மறு ஆண்டில் ஈஸ்டர் மகிழ்ச்சி என்ற தலைப்புள்ள கோவையை அவர் வாசிப்பது கவனிக்கத்தக்கது. மதம் மாறியபின்னும் குழந்தைப்பருவத்தின் இசை கையிலேயே இருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை.

இரண்டாவது மராபி. 1920, 30களில் ஜோகன்னஸ்பர்க் சேரிகளின் கள்ளச்சாராய விடுதிகளில் பியானோவிலும் கால்மிதி ஆர்மோனியத்திலும் வாசிக்கப்பட்ட நடன இசை அது. ஷட்ஜம், மத்யமம், பஞ்சமம் ஆகியவற்றை அடியாகக் கொண்ட நான்கு சுரக்கூட்டுகள் இரவு முழுவதும் சுழலும். பழந்தமிழ்ப் பெயரில் சொன்னால் குரல், உழை, இளி. உழைத்துக் களைத்தவர்கள் விடியும்வரை ஆட வேண்டும் என்பதால் இசைக்கு முடிவு தேவைப்படவில்லை. இப்ராகிமின் சுழலும் இடக்கைக்கு இங்கே ஒரு வேர் இருக்கிறது.

மூன்றாவது அமெரிக்க ஜாஸ். குறிப்பாக டியூக் எலிங்டனும் தெலோனியஸ் மங்கும். எலிங்டனிடமிருந்து வண்ணமும் கனிவும் வந்தன. 'சன்செட் இன் ப்ளூ' என்ற தலைப்பே எலிங்டனின் உலகைச் சேர்ந்தது. மங்கிடமிருந்து முரண்சுரங்களைத் தயங்காமல் அடிக்கும் துணிவும், சுரங்களுக்கிடையே மௌனத்தை விடும் பழக்கமும் வந்தன.

மூன்றையும் தனித்தனியே காட்டாமல் ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பதே இத்தொகுப்பின் சாதனை. கீழே மராபி சுழலும்போது மேலே துதிப்பாடல் ஒலிக்கிறது. அதன் நடுவே மங்கின் கோணலான ஒரு சுரம் விழுகிறது. எதுவும் இன்னொன்றுக்கு அலங்காரமாக இல்லை.

தலைப்பின் பொருள்

'ஆப்பிரிக்கன் பியானோ' என்ற தலைப்பை ஐரோப்பிய ரசிகர்களைக் கவரும் விற்பனைச் சொல்லாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. 1960களின் இறுதியில் ஆப்பிரிக்கா என்ற சொல்லுக்கு மேற்கில் ஒரு கவர்ச்சி இருந்தது. ஆனால் சொன்னவர் யார் என்பதைப் பார்த்தால் அதன் எடை மாறுகிறது.

இனஒதுக்கல் அரசு 1950ன் மக்கள் பதிவுச் சட்டத்தின்படி குடிமக்களை இனவாரியாகப் பிரித்தது. அதில் டாலர் பிராண்ட் 'கலப்பினத்தவர்' என்ற பிரிவில் வைக்கப்பட்டவர். ஆப்பிரிக்கர் என்பது வேறு பிரிவு. எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதை எல்லாம் அந்தப் பிரிவுகளே தீர்மானித்தன. 1966 பிப்ரவரியில் கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி வெள்ளையர்களுக்கு மட்டுமானதாக அறிவிக்கப்பட்டது. பல இனத்தவரும் சேர்ந்து வாழ்ந்த அப்பகுதியிலிருந்து அடுத்த ஆண்டுகளில் 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. கோபன்ஹேகனில் இந்தப் பதிவு நடந்த இரவிலும் அந்த இடிப்பு முடிந்திருக்கவில்லை.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவர் தன்னை ஆப்பிரிக்கன் என்று சொல்வது அரசு கொடுத்த பெயரை மறுப்பது. கேப்டவுன்காரர் கிளிமஞ்சாரோவிலிருந்து வரும் ஓர் அண்ணனுக்கு இசையமைப்பதும் அவ்வாறே. கிளிமஞ்சாரோ தான்சானியாவில் உள்ளது. 5,895 மீட்டர் உயரம். கேப்டவுனிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு. பிரிக்கப்பட்ட நிலத்தை ஒரே நிலமாகப் பார்க்கும் கனவு அந்தத் தலைப்பில் இருக்கிறது. இசையில் கோஷம் ஏதுமில்லை, சொற்களும் இல்லை. ஆனால் எதையோ விடாமல் பிடித்திருக்கும் பிடிவாதம் இடக்கையில் தெரிகிறது. அதை அறிந்து கேட்கும்போது 'ப்ரா ஜோ'வின் 11 நிமிடங்கள் வெறும் உத்தியாக இருப்பதில்லை.

அமெரிக்கரான ராண்டி வெஸ்டனோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். புரூக்ளினில் பிறந்த அவர் 1960களின் இறுதியில் மொராக்கோவில் குடியேறி ஆப்பிரிக்க இசையைத் தேடிக் கற்றவர். அவருடைய பியானோவில் ஆப்பிரிக்கா கண்டடையப்பட்ட ஒன்று, அதனால் வியப்பும் கொண்டாட்டமும் மிகுந்தது. இப்ராகிமுக்கு ஆப்பிரிக்கா பறிக்கப்பட்ட ஒன்று. அவருடைய ஜபுலானியின் மகிழ்ச்சியில்கூட ஊர் திரும்ப முடியுமா என்ற கேள்வி கலந்திருக்கிறது.

தமிழ்க் கேட்பும் இத்தொகுப்பும்

பியானோ தமிழ்க் காதுக்கு எளிதான கருவியன்று. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே சுரத்தானம். சுரத்தை வளைக்க முடியாது, கமகம் இல்லை. ஆகவே பியானோ என்றால் திரையிசையின் பின்னணி அல்லது தேவாலயம் என்ற அளவில் நம்மிடையே நின்றுவிடுகிறது. இப்ராகிமும் இதே கருவியில்தான் வாசிக்கிறார். சுரத்தை வளைக்க முடியாத இடத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளைச் சேர்த்து அழுத்துகிறார். ஒரே சுரத்தை வேகமாக அதிரச் செய்கிறார். இரண்டு சுரங்களுக்கு நடுவிலுள்ள, பியானோவில் இல்லாத சுரம் அப்போது கேட்பவர் மனதில் ஒலிக்கிறது.

நமக்கு இதில் முன்னனுபவம் உண்டு. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியரின் வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைப்பதே கடினம். அதை யாரும் ஐரோப்பியக் கருவி என்று ஒதுக்குவதில்லை. ஒரு கருவி எங்கே செய்யப்பட்டது என்பதைவிட அதில் எந்தக் கையின் நினைவு ஒலிக்கிறது என்பதே முக்கியம் என்பதை நம் இசைவரலாறே காட்டியிருக்கிறது. 'ஆப்பிரிக்கன் பியானோ' என்ற தலைப்பை அந்தப் பொருளில் நாம் எளிதில் புரிந்துகொள்ள முடியும்.

நாதஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இப்ராகிமின் இடக்கை இன்னொரு வகையிலும் பரிச்சயமானது. ஒத்து ஒரே சுரத்தில் நிற்கும், தவில் தாளத்தைப் பார்த்துக்கொள்ளும். இங்கே அந்த இரண்டும் ஒரே கையில் சேர்கின்றன. அதை நடக்கும் சுருதி என்று சொல்லலாம். மாறாத ஆதாரத்தின்மேல் மாறிக்கொண்டே இருக்கும் கற்பனை என்ற அமைப்பு நம் செவிக்கு அந்நியமானதன்று. சுரக்கூட்டுகளின் முன்னேற்றத்தை எதிர்பார்க்கும் மேற்கத்தியக் காதைவிட நம் காதுக்கு இந்த இசை நெருக்கமாக இருக்கக்கூடும்.

இத்தொகுப்பில் தமிழ் இசையின் நேரடித் தடம் ஏதுமில்லை. ஆனால் கேப்டவுனின் மக்கள் கலப்பில் நம் கரைக்கும் பங்குண்டு. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கேப்டவுனுக்கு அடிமைகளைக் கொண்டுசென்ற இடங்களில் சோழமண்டலக் கரை, மலபார், வங்காளம், இலங்கை ஆகியவையும் இருந்தன. அடிமைகளின் பெயரோடு ஊர்ப்பெயரும் சேர்த்தே பதிவேடுகளில் எழுதப்பட்டது. இப்ராகிம் வளர்ந்த ஊரின் இசை அத்தகைய பலரின் வழித்தோன்றல்கள் சேர்ந்து உருவாக்கியது.

குறைகள்

தொகுப்பின் சமநிலை பற்றிக் கேள்வி எழுப்பலாம். முதல் கோவைக்குக் கிடைத்த அகலம் பின்வருபவற்றுக்குக் கிடைக்கவில்லை. சில மெட்டுகள் அறிமுகமானதுமே விலகிவிடுகின்றன. நினைவோட்டம் என்ற அளவில் அது பொருந்தினாலும், 'கிப்பி' போன்ற ஒன்று இன்னும் சற்று நேரம் தங்கியிருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. வலக்கை உச்சத்துக்குச் செல்லும் இடங்களில் இடிமுழக்கம்போன்ற அதிர்வு மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படுவதால் இரண்டாம் பாதியில் அதன் விளைவு குறைகிறது. பிற்காலத் தனிப்பியானோ பதிவுகளில் இப்ராகிம் இந்த ஆவேசத்தைக் கைவிட்டு மிகக் குறைந்த சுரங்களுக்கு வந்தார். அவற்றை முதலில் கேட்டவர்களுக்கு இத்தொகுப்பு கரடுமுரடாகத் தோன்றும்.

கேட்கும் முறையும் முக்கியம். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கீழ்ச்சுரங்கள் ஏறத்தாழ மறைந்துவிடும். இந்த இசையில் கீழ்ச்சுரம் போனால் எல்லாம் போனது. நல்ல காதணி ஒலிப்பானிலோ பெரிய ஒலிபெருக்கியிலோ ஒரே அமர்வில் கேட்பதே இத்தொகுப்புக்கு நியாயம் செய்வது.

இடம்

அப்துல்லா இப்ராகிமின் பெயரை உலகறியச் செய்தது 1974ல் கேப்டவுனில் பதிவான 'மானன்பர்க்'. பேசில் கூட்சியாவின் சாக்ஸபோனோடு வந்த அந்த மெட்டு இனஒதுக்கலுக்கு எதிரான போராட்டத்தின் கீதமாக ஆனது. 1994ல் நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற விழாவில் இப்ராகிம் வாசித்தார். மானன்பர்க்கின் சுழலும் அமைப்பையும் அடங்காத அமைதியையும் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தனியாக, கூட்டமில்லாமல், அயல்நாட்டு விடுதியொன்றில் அவர் வாசித்துப் பார்த்திருக்கிறார் என்பதை ஆப்பிரிக்கன் பியானோ காட்டுகிறது. மக்கள் கீதமாக மாறுவதற்கு முன் அந்த இசை ஒரு மனிதனின் தனிமையாக இருந்தது.

தனிப்பியானோ மரபிலும் இதன் தொடர்ச்சி தெரிகிறது. விஜய் ஐயர் 2010ல் வெளியிட்ட 'சோலோ' தொகுப்பில் எலிங்டனின் 'ஃப்ளூரெட் ஆஃப்ரிகேன்' இடம்பெற்றுள்ளது. எலிங்டனின் ஆப்பிரிக்கக் கனவை இப்ராகிம் உள்ளிருந்து நிறைவு செய்தார். தமிழ்ப் பின்னணி கொண்ட ஓர் அமெரிக்கர் பிற்பாடு அதே பாதையில் வந்து சேர்ந்தார். கருவிகளும் மெட்டுகளும் இப்படித்தான் கைமாறுகின்றன.

ஆப்பிரிக்கன் பியானோ குறையற்ற தொகுப்பன்று. ஆனால் ஊரையும் நண்பர்களையும் இழந்த ஒருவர் 40 நிமிடங்களுக்கு அவற்றைத் தன் இரு கைகளுக்குள் மீண்டும் கட்டியெழுப்புவதை இதில் கேட்க முடியும். ஜாஸுக்குப் புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். ஜாஸ் தெரிய வேண்டியதில்லை. ஒத்தும் தவிலும் கேட்ட காது போதும்.